மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே: கிறிஸ்தவர்கள் நம்புவது என்ன?

ஒரே தெருவில் இரண்டு கிறிஸ்தவ வீடுகள். ஒரு வீட்டில் பெரியவர் இறந்து முப்பதாம் நாள். அவருடைய ஆத்துமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப் பிள்ளைகள் கோயிலுக்குப் போகிறார்கள். எதிர்வீட்டிலும் ஒரு சாவு. அங்கே பாஸ்டர் வந்து ஜெபிக்கிறார். ஆனால் இறந்தவருக்காக ஒரு வார்த்தைகூட வேண்டுவதில்லை. குடும்பத்துக்கு ஆறுதல் கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார். இரண்டு வீட்டாரும் கும்பிடுவது ஒரே இயேசுவை. படிப்பதும் ஏறக்குறைய ஒரே பைபிள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

கடைசியில் என்ன நடக்கும் என்பதில் திருச்சபைகளுக்குள் பெரிய சண்டை இல்லை. சாவுக்கும் அந்தக் கடைசி நாளுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதில்தான் சண்டை. சாவு வீட்டிலும் கல்லறையிலும் நீங்கள் பார்க்கும் வித்தியாசங்களில் பெரும்பாலானவை அந்த நடுக்காலத்திலிருந்து வருபவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

எல்லாரும் ஒத்துக்கொள்வது எது?

மனிதனுக்கு ஒரு பிறவிதான், மறுபிறவி கிடையாது. சாவோடு எல்லாம் முடிவதில்லை. இயேசு ஒருநாள் திரும்பி வருவார், இறந்த அனைவரும் உயிரோடு எழுவார்கள், எல்லாருக்கும் தீர்ப்பு நடக்கும். அதன்பின் கடவுளோடு முடிவில்லாத வாழ்வு, அல்லது அவரை விட்டு முடிவில்லாத பிரிவு. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே, கேரளத்துச் சிரியன் சபைகள் என யாரைக் கேட்டாலும் இதில் மாற்றம் இருக்காது. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டிநோப்பிளிலும் கூடிய சங்கங்கள் வகுத்த விசுவாசப் பிரமாணம் (நம்பிக்கை அறிக்கை) இறந்தோரின் உயிர்த்தெழுதலோடும் வரப்போகும் வாழ்வோடும்தான் முடிகிறது. பல கோயில்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைச் சொல்கிறார்கள்.

ஆத்துமா மட்டும் மோட்சம் போவதுதானே நம்பிக்கை?

பலரும், கிறிஸ்தவர்களே கூட, அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பாதிதான். உடம்பும் எழும் என்பதே முழு நம்பிக்கை. கி.பி. 50களில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம் முழுக்க இதைத்தான் பேசுகிறது. எந்த மாதிரி உடம்பு என்று கேட்பவர்களுக்கு அவர் விதையைக் காட்டுகிறார். மண்ணில் போடும் மணி வேறு, முளைத்து வரும் பயிர் வேறு. ஆனாலும் அந்த மணியின் பயிர்தான் அது.

இதற்கு முன்மாதிரி இயேசுவின் உயிர்ப்பு. எழுந்து வந்தவரின் கையில் ஆணித் தழும்பு இருந்தது. சீடர்கள் முன்னால் மீன் துண்டைச் சாப்பிட்டார். அதே சமயம் பூட்டிய அறைக்குள் வந்து நின்றார். தெரிந்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அதே உடம்பு, ஆனால் சாவு இனி தொடமுடியாத உடம்பு. இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டி, நல்ல உடை உடுத்தி, மரியாதையோடு அடக்கம் செய்வதன் பின்னால் இருப்பது இந்த எண்ணம்தான்.

சரி, அந்த நாள்வரை இறந்தவர் எங்கே இருப்பார்?

இங்கேதான் வழிகள் பிரிகின்றன. இது எளிதில் தீர்ந்த கேள்வியும் அல்ல. நல்லவர்களின் ஆத்துமாக்கள்கூடக் கடைசி நாள்வரை கடவுளை நேரே காணமாட்டா என்று போப் 22ஆம் யோவான் 1331இல் பிரசங்கம் செய்தார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1334இல் மரணப் படுக்கையில் அந்தக் கருத்தை விட்டுவிட்டார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட், 1336இல், கறை ஏதுமில்லாத ஆத்துமா உடனே கடவுளைக் காணும் என்று அறிவித்த பிறகுதான் கத்தோலிக்கத் திருச்சபையில் அது முடிவானது.

இன்றைய கத்தோலிக்கப் போதனை இது: இறந்த உடனே ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை நடக்கிறது. ஒன்று மோட்சம், அல்லது நரகம், அல்லது உத்தரிக்கிற ஸ்தலம் (மோட்சத்துக்கு முன் ஆத்துமா தூய்மையாக்கப்படும் நிலை). உலக முடிவில் எல்லாருக்கும் பொதுத்தீர்வை.

புரொட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலானவை, விசுவாசி கண்மூடிய உடனே கிறிஸ்துவிடம் போய்விடுகிறார் என்று நம்புகின்றன. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு அன்றைக்கே பரதீசை வாக்களித்ததை அதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள். நடுவில் வேறு நிலை எதையும் அவர்கள் ஏற்பதில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை இன்னொரு பக்கம்: இறந்தவர் எதையும் அறியாமல் தூங்குகிறார், உயிர்த்தெழும்போதுதான் விழிப்பார் என்பது அவர்கள் போதனை. ஆர்த்தடாக்ஸ் சபையினர் இறந்தவர்களுக்காக மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாள்களில் ஜெபிக்கிறார்கள். ஆனால் உத்தரிக்கிற ஸ்தலம் என்று கத்தோலிக்கர் வகுத்ததை அப்படியே ஏற்பதில்லை.

உத்தரிக்கிற ஸ்தலம் என்பது சின்ன நரகமா?

இல்லை. அங்கே இருப்பவர்கள் எல்லாருக்கும் மோட்சம் உறுதி. கடவுளின் நட்பில் இறந்தும் இன்னும் முழுத் தூய்மை அடையாதவர்களுக்கான நிலை அது. எத்தனை வருஷம், எங்கே, எப்படி என்று திருச்சபை அளந்து சொன்னதில்லை. பழைய படங்களில் நீங்கள் பார்த்த தீச்சுவாலைகள் ஓவியர்களின் கைவண்ணம்.

இறந்தவர்களுக்காக ஜெபிக்க பைபிளில் ஆதாரம் உண்டா என்று கேட்டால், கத்தோலிக்கர் மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். போரில் விழுந்த வீரர்களுக்காகப் பாவப்பரிகாரப் பலி செலுத்த யூதப் படைத்தலைவர் யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்கு அனுப்பியது அங்கே வருகிறது. புரொட்டஸ்டன்ட் வீட்டு பைபிளைப் புரட்டினால் அந்தப் புத்தகமே இருக்காது. அவர்களுடையதில் 66 நூல்கள், கத்தோலிக்கருடையதில் 73. ஒரே வசனத்தை வைத்து இரண்டு பேரும் வாதாட முடியாமல் போவது இதனால்தான்.

பணம் கொடுத்தால் ஆத்துமா சீக்கிரம் மோட்சம் போகுமா?

போகாது. இந்தக் கேள்விதான் ஒருகாலத்தில் ஐரோப்பாவையே பிளந்தது. காணிக்கை வாங்கிக்கொண்டு பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டு கொடுத்ததை எதிர்த்து மார்ட்டின் லூத்தர் 1517இல் 95 கருத்துகளை வெளியிட்டார். சீர்திருத்தம் அங்கிருந்து தொடங்கியது. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்று மறுபடி உறுதி செய்தது. கூடவே, அதை வைத்து மூடநம்பிக்கை பரப்புவதையும் காசு பார்ப்பதையும் ஆயர்கள் தடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

இன்று பூசைக்கு நீங்கள் கொடுப்பது காணிக்கை. பூசையின் விலை அல்ல. வியாபாரம் போன்ற தோற்றமே வரக்கூடாது என்றும், காணிக்கை இல்லாவிட்டாலும் ஏழைகளின் கருத்துக்காகப் பூசை வைக்க வேண்டும் என்றும் திருச்சபைச் சட்டம் குருக்களிடம் சொல்கிறது. கையில் பணம் இல்லாவிட்டால் தயங்காமல் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். கடன் வாங்கிப் பூசை வைக்க எந்த அவசியமும் இல்லை.

நவம்பர் 2 ஏன் முக்கியம்?

கல்லறைத் திருநாள் என்று நாம் சொல்லும் நாள் அது. பிரான்சில் இருந்த குளூனி மடத்தின் தலைவர் ஒதிலோ சுமார் 1000ஆம் ஆண்டுவாக்கில் தம் மடங்களில் தொடங்கிய வழக்கம், பிறகு மேற்குத் திருச்சபை முழுதும் பரவியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல், அன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று போப் 15ஆம் பெனடிக்ட் அனுமதித்தார். அந்த அனுமதி இன்றும் இருக்கிறது.

நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் கத்தோலிக்கர், அவர்களுக்காகப் பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து முழு விடுதலை) பெறலாம். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), நற்கருணை, போப்பின் கருத்துக்காக ஜெபம் ஆகியவை நிபந்தனைகள். இதற்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நம் ஊரில் சி.எஸ்.ஐ., லுத்தரன் குடும்பங்களும் அன்று கல்லறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு அது நன்றியும் நினைவும். பக்கத்துக் கல்லறையில் கத்தோலிக்கக் குடும்பம் ஏற்றும் அதே மெழுகுவர்த்தியில் இறந்தவருக்கான வேண்டுதலும் சேர்ந்திருக்கிறது.

ஞானஸ்நானம் பெறாதவர்கள் நரகத்துக்குத்தான் போவார்களா?

வேற்று மதத்தில் பிறந்த கணவன், மனைவி, பெற்றோர் இருக்கும் குடும்பங்களில் மிகவும் வலிக்கும் கேள்வி இது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொன்னது: தங்கள் குற்றத்தால் அல்லாமல் நற்செய்தியை அறியாதிருப்பவர்கள், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி நடந்தால் அவர்களும் மீட்படைய முடியும். சுவிசேஷ சபைகள் பலவற்றில் இயேசுவை அறிந்து ஏற்றுக்கொள்வது கட்டாயம் என்ற போதனை உண்டு. அவர்களிலும் பலர், கடைசித் தீர்ப்பு மனிதர் கையில் இல்லை என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். எத்தனையோ பேரைப் புனிதர்கள் என்று அறிவித்த கத்தோலிக்கத் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று யார் பெயரையும் சொல்லி அறிவித்ததில்லை. சாவு வீட்டில் யாராவது அப்படித் தீர்ப்புச் சொன்னால், அது அவருடைய சொந்த அபிப்பிராயம்.

பச்சைக் குழந்தை ஞானஸ்நானம் பெறாமல் இறந்தால்? மோட்சமும் இல்லாமல் நரகமும் இல்லாமல் ஓர் இடம் உண்டு என்று முன்பு கற்பித்தது இறையியலாளர்களின் கருத்து. விசுவாசக் கோட்பாடாக அது ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. அந்தக் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை வைக்க நல்ல காரணங்கள் உண்டு என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் குழு விளக்கியது. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தால், ஆயரின் அனுமதியோடு அந்தக் குழந்தைக்கு முறைப்படி அடக்கச் சடங்கும் நடத்தலாம்.

தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோயிலில் அடக்கம் கிடையாதா?

கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத்தில் அப்படித் தடை இருந்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனநோய், பயம், வேதனை ஆகியவை ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் 1992இல் வந்த மறைக்கல்வி நூல் சொல்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை ஜெபிக்கிறது.

ஊர்ப் பெரியவர்களோ உறவுக்காரரோ தடுத்தால், நேரே பங்குத்தந்தையிடம் பேசுங்கள். புரொட்டஸ்டன்ட் சபைகளில் நடைமுறை சபைக்குச் சபை மாறும். ஆயரிடமோ போதகரிடமோ கேட்பதே சரி. இறந்தவரின் நிலையை நினைத்துக் குடும்பத்தில் வேறு யாராவது உடைந்துபோயிருந்தால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

உடலை எரித்தால் உயிர்த்தெழ முடியாதா?

இந்தச் சந்தேகத்தின் வயது ஏறக்குறைய கிறிஸ்தவத்தின் வயதுதான். 177இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இறந்தவர்கள் எழுந்துவிடக் கூடாது என்பதே நோக்கம் என்று வரலாற்றாசிரியர் யூசேபியு பதிவு செய்திருக்கிறார். திருச்சபை அசரவில்லை. மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கிய கடவுளுக்குச் சாம்பல் ஒரு தடையா என்பதே அன்றும் இன்றும் பதில். கடலில் போனவர்களுக்கும் விபத்தில் உடல் கிடைக்காதவர்களுக்கும் இதே பதில்தான்.

நடைமுறைக்கு வருவோம். கத்தோலிக்கர் உடலை எரிக்க 1963இலிருந்து அனுமதி உண்டு. உயிர்த்தெழுதலை மறுப்பதற்காக எரிக்கக் கூடாது என்பதே நிபந்தனை. அடக்கம் செய்வதையே திருச்சபை இன்றும் விரும்புகிறது. சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைக்கக் கூடாது, வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கல்லறையிலோ அதற்கென்று அர்ச்சிக்கப்பட்ட இடத்திலோ வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் விதித்தது. இறந்தவரின் வாழ்க்கையோடு சம்பந்தப்பட்ட ஓரிடத்தில் சாம்பலின் சிறு பகுதியை வைத்துக்கொள்ளலாமா என்பதை அந்தந்தச் சூழ்நிலைக்கு ஏற்பத் திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம் என்று 2023இல் கொஞ்சம் தளர்த்தியது. புரொட்டஸ்டன்ட் சபைகள் பெரும்பாலும் இதைக் குடும்பத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடுகின்றன. ஆர்த்தடாக்ஸ் சபைகள் எரிப்பதை ஏற்பதில்லை.

உறுப்பு தானம்? தாராளமாகச் செய்யலாம். கண் இல்லாமல் எழுந்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். இறந்தபின் உறுப்புகளைக் கொடுப்பது பாராட்டத்தக்க செயல் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலே சொல்கிறது.

சாமியாரை எப்போது கூப்பிட வேண்டும்?

இங்கேதான் பல குடும்பங்கள் தாமதிக்கின்றன. முன்பு அவஸ்தைபூசுதல் என்று சொன்ன திருச்சடங்குக்கு இப்போது நோயில்பூசுதல் என்று பெயர். சாகப்போகிறவர்களுக்கு மட்டுமானது அல்ல இது. கடும் நோய், பெரிய ஆபரேஷன், தள்ளாத வயது என எந்த நிலையிலும் பெறலாம், திரும்பவும் பெறலாம். 1972இல் இதன் முறையைப் புதுப்பித்தபோது நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசும்படி எளிமையாக்கினார்கள்.

சாமியார் வந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று கடைசி மூச்சுவரை காத்திருக்காதீர்கள். உயிர் பிரிந்தபின் இந்தச் சடங்கைச் செய்யமாட்டார்கள். ஜெபம் மட்டும் சொல்வார்கள். நினைவு இருக்கும்போதே அழைத்தால் பாவசங்கீர்த்தனமும் செய்யலாம், நற்கருணையும் வாங்கலாம். புரொட்டஸ்டன்ட் குடும்பங்களில் போதகர் வந்து ஜெபித்து, திருவிருந்து கொடுப்பார். அவரையும் நேரத்தோடு அழையுங்கள்.

அங்கே நம்முடையவர்களைப் பார்ப்போமா?

பார்ப்போம் என்பதே எல்லாச் சபைகளின் நம்பிக்கை. மகதலா மரியா, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட குரலில், உயிர்த்தெழுந்த இயேசுவை அடையாளம் கண்டாள். ஆளை ஆள் அறியும் உறவு சாவோடு அழியாது. ஆனால் அங்கே திருமண பந்தம் கிடையாது என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். ஏழு சகோதரரை வரிசையாக மணந்த ஒருத்தி எழும்போது யாருடைய மனைவி என்று சதுசேயர் (உயிர்த்தெழுதலை மறுத்த யூதப் பிரிவினர்) மடக்கப் பார்த்தபோது வந்த பதில் அது. ஆகவே துணையை இழந்தவர் மறுமணம் செய்துகொண்டால் இறந்தவருக்குத் துரோகம் ஆகுமோ என்று கவலைப்பட வேண்டாம்.

தீட்டு, நாள் கணக்கு எல்லாம் உண்டா?

கிடையாது. சனிப்பிணம் தனிப்போகாது என்று கிறிஸ்தவ வீட்டிலும் முணுமுணுப்பவர்கள் உண்டு. அதற்குக் கிறிஸ்தவப் போதனையில் இடமில்லை. சாவதற்கு நல்ல நாள், கெட்ட நாள் இல்லை. எட்டாம் நாள், பதினாறாம் நாள், நாற்பத்தோராம் நாள் கும்பிடுவது ஊர் வழக்கம். செய்தாலும் விட்டாலும் இறந்தவருக்கு நட்டமில்லை. இறந்தவரின் ஆவியை அழைத்துக் குறி கேட்பதை மட்டும் பைபிள் கண்டிப்பாகத் தடுக்கிறது.

சாதிக்கும் இங்கே இடமில்லை என்றுதான் போதனை. நடப்பு வேறு. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைத் தனியாகப் பிரிக்கும் சுவரை எதிர்த்துப் பல ஆண்டுகளாகக் குரல் எழுந்திருக்கிறது. எல்லாரும் ஒன்றாக எழுவோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறவர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி அது.

நான் கிறிஸ்தவன் இல்லை. சாவு வீட்டுக்குப் போனால் என்ன செய்யலாம்?

மாலை வைக்கலாம், பெட்டியின் அருகே அமைதியாக நிற்கலாம். சில பெந்தெகொஸ்தே குடும்பங்கள் உடலுக்கு மாலை போடுவதையும் விழுந்து கும்பிடுவதையும் விரும்புவதில்லை. ஒரு நிமிடம் மற்றவர்களைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கோயிலில் எல்லாரும் எழும்போது எழுந்தால் போதும். நற்கருணை வாங்க வரிசை போகும்போது மட்டும் இடத்திலேயே உட்கார்ந்திருங்கள். கல்லறையில் பெட்டியை இறக்கியபின் ஒரு பிடி மண் போட உங்களுக்கும் உரிமை உண்டு.

நம் குடும்பத்தில் இப்போதே என்ன பேசி வைக்கலாம்?

நான்கு விஷயங்களைப் பேசி, ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். அடக்கமா, எரிப்பதா? எந்தக் கல்லறை; குடும்பக் கல்லறை இருந்தால் அதன் ரசீது எங்கே? உறுப்பு தானத்துக்குச் சம்மதமா? கணவன் மனைவி வெவ்வேறு சபை என்றால் யார் வந்து சடங்கை நடத்துவது? பல இடங்களில் பங்கிலோ சபையிலோ பெயர் பதிந்து சந்தா கட்டியிருக்கிறதா என்று பார்த்தபிறகே கல்லறையில் இடம் கொடுப்பார்கள், அதையும் சரிபாருங்கள். கோயில் பதிவேட்டில் அடக்கத்தை எழுதினாலும் அரசு பதிவு தனி. இறந்த 21 நாளுக்குள் அதைச் செய்துவிட வேண்டும்.

நடுக்காலத்தில் என்ன நடக்கிறது என்ற வாதத்தை இறையியலாளர்கள் தொடரட்டும். அம்மா பூசை வேண்டும் என்று சொல்லியிருந்தால், வேறு சபைக்குப் போய்விட்ட மகனும் அன்று கோயிலில் உட்கார்ந்திருக்கலாம். பூசையே வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தால், அவர் சொன்னபடி அடக்கத்தை நடத்திவிட்டு, மகள் தன் ஜெபத்தைத் தனியே சொல்லிக்கொள்ளலாம். அதற்கு இருவரும் தங்கள் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.